உச்ச நீதிமன்றத்தின் ஜமைக்கா கிளை

மஞ்சள் கொடி. நேற்றுச் சாயங்காலம் எழுந்து போகும்போது இல்லை. இன்று காலை வந்து திறந்தால் நான் நம்பியிருக்கிற தீர்ப்பின் தலைமாட்டில் நட்டமாக நிற்கிறது. இந்த லைப்ரரிக் கம்ப்யூட்டரில் தீர்ப்புகளுக்குக் கொடி கட்டி வைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் செத்துப்போன தீர்ப்பு, மேல்கோர்ட் ரத்து செய்துவிட்டது, கிட்டவே போகாதே. மஞ்சள் என்றால் பின்னால் வந்த யாரோ ஒரு நீதிபதி அதைப் பற்றி ஏதோ முனகியிருக்கிறார், பார்த்துக்கொள். கொடியே இல்லாவிட்டால் ஆரோக்கியம். என் தீர்ப்பு நேற்றுவரை ஆரோக்கியமாகத்தான் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக என்ன வந்தது அதற்கு? ஏட்டி வேலுத்தாயி, பதறாத, என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், கூடப்பிறந்த கோமதி அக்கா சொல்கிற மாதிரியே இழுத்து. பதறாமல் எப்படி இருக்க? இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே தெருவில் இரண்டு கட்டிடம் தள்ளி இருக்கிற வீட்டு வழக்குக் கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். அக்கா முப்பது வருஷம் இருந்த வீடு, நான் அக்காவோடு ஐந்து வருஷம் இருந்த வீடு. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் அதில் இனி இருக்கலாமா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டுமா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். என் கையில் இருப்பது இந்த ஒரே தீர்ப்பு. அதற்கு மஞ்சள் கொடி. கோவில்பட்டி முன்சீப் கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் கறுப்புக் கோட்டுப் போட்டவள், பொய்ச்சாட்சி சொல்ல வந்தவனைக் கூண்டிலேயே தண்ணீர் கேட்க வைத்தவள், ஒரு பொடிக் கொடியைப் பார்த்துவிட்டு மௌஸைத் தொடப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன். அதன்மேல் தொட்டால் யார் முனகியது என்று காட்டும். தொடு. தொட்டுவிட்டேன். சக்கரம் சுற்றுகிறது.

சுற்றட்டும். இந்தச் சக்கரத்தை முறைத்துப் பார்த்தால் இன்னும் மெதுவாகச் சுற்றும். வேறு எதையாவது நினை. வீட்டை நினை. விடியற்காலையில் வெந்நீர்க் குழாய்க்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டங் டங்கென்று கேட்கும், பிறகு சூடு வரும். வந்த புதிதில் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். "ஒண்ணுமில்லட்டி, வீடு சோம்பல் முறிக்கி, நீ படு" என்பாள் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்று நின்று அவள் கால் வீங்கிப்போன வீடு. எனக்கு மனுப் போட்டுவிட்டு அவள் காத்திருந்த வீடு. விசா வருவதற்குள் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. அவளுக்கும் கல்யாணம் காட்சி இல்லை, எனக்கும் இல்லை, இரண்டு பேரும் ஒரே கட்டிலின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்து காப்பி குடித்த வீடு. அதை விட்டு எங்கே போக? ஊரில் தம்பி வீட்டு மாடியறைக்கா? போகமாட்டேன். இந்த ஊர்ச் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டில் இருக்கிற வீட்டில் குடியிருந்தவர் போய்விட்டால், கூடவே இருந்த நெருங்கிய உறவு அங்கேயே தொடரலாம். கடைசி இரண்டு வருஷம் விடாமல் கூட இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். வீட்டுக்காரக் கம்பெனியின் வக்கீல் கார்மோடி அதில் கையை வைத்துவிட்டான். அந்த இரண்டு வருஷத்துக்குள் ஏழு மாதம் நான் கோவில்பட்டியில் இருந்தேன், ஆகவே வீட்டை விட்டுப் போனவள், எனக்கு உரிமை இல்லை என்கிறான். நடந்ததில் தகராறே இல்லை, விசாரணைகூட வேண்டாம், சட்டத்தை மட்டும் பார்த்து இவளைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்று மனுப் போட்டான். மனுவுக்கு ஆதரவாக ஒரு தீர்ப்பு. ஊர் ஊராகப் பாடப் போன ஒரு பாட்டுக்காரி, பல மாதம் கழித்துத் திரும்பி வந்தால் அத்தை இல்லை, வீடும் உனக்கில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. கீழே எழுதியிருந்தது: சுப்ரீம் கோர்ட், நியூயார்க். அதைப் படித்ததும் எனக்கு உள்ளே எல்லாம் அடங்கிவிட்டது. உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு என்ன பேச்சு? நம் ஊரில் உச்ச நீதிமன்றம் சொன்னால் நாடு முழுக்க எல்லாக் கோர்ட்டும் தலையாட்ட வேண்டும், பி.எல். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அரசாங்கம் கொடுத்த இலவச வக்கீல் பையனும் போனில், "மேடம், கொஞ்ச மாதம் அவகாசம் வாங்கித் தருகிறேன், ஒத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்" என்றான். அவனிடம் கோபமாக, நானே வக்கீல், என் கேஸை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அடுக்களைக்குப் போய்த் தேங்காய் துருவியைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்தேன். வாய் அப்படி, கை இப்படி.

சக்கரம் இன்னும் சுற்றுகிறது. அந்தத் துருவியைச் சுற்றிய மறுநாள்தான் இங்கே வந்தேன். கேஸ் தேதி கேட்கத்தான் வந்தேன். நியூயார்க்கின் குயின்ஸில் இந்தப் பகுதிக்கு ஜமைக்கா என்று பெயர். சப்வேயை விட்டு ஏறினால் கோழி வறுக்கிற வாசனை, தள்ளுபடித் துணிக்கடை, செல்போன் கவர் விற்கிற ஆள், அவர்களுக்கு நடுவே தூணும் படியுமாக ஒரு வெள்ளைக் கட்டிடம், நெற்றியில் சுப்ரீம் கோர்ட் என்று எழுதியிருக்கிறது. என்னை வீழ்த்திய கோர்ட் இதுதானா, இங்கேயா, இந்தக் கோழிக்கடைக்கு எதிரிலா? பிறகு புத்தி வேலை செய்தது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மதுரையில் கிளை இருக்கிற மாதிரி இவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ஜமைக்காவில் ஒரு கிளை போட்டிருக்கிறார்கள், தென் மாவட்டத்து ஜனங்கள் அலையக்கூடாது என்று. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பில் ஒரு பெருமைகூட. வாசலில் பையைச் சோதிக்கிற காவலரிடம், "இது கிளைதானே, மெயின் பெஞ்ச் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அந்த மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லேடி, மெயினும் இதுதான், கிளையும் இதுதான். கோட்டைக் கழற்றி டப்பாவில் போடுங்க. கேள்வியெல்லாம் மேலே லைப்ரரியில் கேளுங்க" என்றார். மேலே வந்தால் மேஜைக்குப் பின்னால் முப்பத்தைந்து வயசுப் பெண், சட்டையில் குத்திய பெயர் ஷரோன் வீராசாமி. எனக்கு ஆயிரம் மைல் தாகம் தீர்ந்த மாதிரி ஆகிவிட்டது. "தமிழா நீங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். "கயானா. எங்க முன்னோர் யாரோ கப்பலில் போனார்களாம். பெயர் மட்டும்தான் மிச்சம்" என்றாள் இங்கிலீஷில். வாயில் ஒரு சொல் தமிழ் இல்லை, ஆனால் வீராசாமி. அன்றிலிருந்து மனசுக்குள் நான் அவளை வீராசாமி என்றுதான் கூப்பிடுகிறேன். அவளிடமும் கிளைக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. ஒரு காகிதத்தை எடுத்து ஏணி மாதிரி மூன்று கோடு போட்டாள். மேல் கோட்டில் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் என்று எழுதினாள், நடுவில் அப்பல்லேட் டிவிஷன். கீழே, அடிமட்டத்தில், சுப்ரீம் கோர்ட். "நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணைக் கோர்ட். மாவட்டத்துக்கு மாவட்டம் ஒன்று இருக்கும்." நான் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் சிரித்தேன். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டார். உச்ச நீதிமன்றம் என்று பெயர் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறது! நம் ஊரில் குள்ளனுக்கு நெட்டையன் என்று பட்டப்பெயர் வைப்பார்களே, அந்த மாதிரி. ஒரு விசாரணை நீதிபதி தன் கோர்ட்டில் சொன்ன அபிப்பிராயம், அதற்குப் பயந்து நான் தேங்காய் துருவியைக் கட்டியிருக்கிறேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் துருவியை அவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு நான் இங்கே மாணவி. ஐம்பத்தாறு வயசில். முதலில் மானம் போன மாதிரிதான் இருந்தது, பொய் சொல்வானேன். வீராசாமி முதல் நாளே சொல்லிவிட்டாள்: "நான் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. வழி காட்டலாம், அவ்வளவுதான்." வழியாவது காட்டு தாயே. எடுத்த எடுப்பில் தீர்ப்புகளுக்குள் குதிக்காதே, முதலில் விளக்க நூலைப் படி, அதில் சட்டப் பிரிவைப் பிடி, பிரிவிலிருந்து தீர்ப்புக்குப் போ என்றாள். தீர்ப்பு கிடைத்ததும் மூன்று கேள்வி கேட்கச் சொன்னாள். எந்தக் கோர்ட்? எப்போது? இன்னும் உயிரோடு இருக்கிறதா? குளிக்கும்போதுகூட அதைத்தான் முணுமுணுத்தேன். எந்தக் கோர்ட், எப்போது, இன்னும் உயிரோடு இருக்கிறதா. மூன்றாவதில் மட்டும் நாக்கு தடுக்கும். அக்காவின் கம்பளிச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. தீர்ப்புக்காவது கொடி ஏற்றி முன்கூட்டிச் சொல்கிறார்கள். அக்காவுக்கு யார் சொன்னார்கள்? காலையில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கியவள், சாயங்காலம் இல்லை. சரி, அது வேண்டாம், இப்போது வேண்டாம். தலைப்புக் குறிப்பு, அதை நினை. தீர்ப்புக்கு மேலே பொடி எழுத்தில் நாலு வரிச் சுருக்கம் இருக்கும், அது பதிப்பாளர் எழுதியது, நீதிபதி சொன்னதல்ல, அதை எடுத்துக் கோர்ட்டில் வாசிக்காதே என்றாள். எனக்குச் சிரிப்பு. நாங்கள் எல்லாம் அந்த நாலு வரியிலேயே குடும்பம் நடத்தியவர்கள் அம்மா. முழுத் தீர்ப்பைப் படித்த வக்கீலைக் கோவில்பட்டியில் காட்சிக்கு வைப்போம். அப்புறம் தேடுகிற சொல். அதை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. நான் ஏழு மாதம் ஊரில் இல்லை, அதற்கு என்ன சொல்? அவுட் ஆஃப் ஸ்டேஷன். காலேஜில், கோர்ட்டில், லீவு லெட்டரில், வாழ்நாள் முழுக்க அப்படித்தானே எழுதினோம். அதைத் தட்டினேன். வந்தது பாருங்கள்: ரயில் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது கதவில் கை மாட்டியவர், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நழுவி வெளியே போனவர், பெட்ரோல் ஸ்டேஷனில் வழுக்கி விழுந்தவர். ஒரு நாள் பூரா ரயிலிலும் பெட்ரோலிலும் அலைந்தேன். சாயங்காலம் வீராசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரயில் எதற்கு?" என்றாள். நான் ஊரில் இல்லை என்பதற்கு, என்றேன். அவள் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். "அப்படி இங்கே யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்ல நினைப்பதை உங்கள் எதிரி எந்தச் சொல்லால் மறுப்பான் என்று யோசியுங்கள்" என்றாள். எதிரி என்ன சொல்வான்? நிரந்தரமாகப் போய்விட்டாள் என்பான். அப்படியானால் நான் தற்காலிகமாகப் போனேன். தற்காலிகமாக இல்லாதிருத்தல். அதற்கான இங்கிலீஷ் சொல்லைத் தட்டினேன். கப்பல்காரன் வந்துவிட்டான்.

கப்பல்காரன் தீர்ப்பு என்று நான்தான் பெயர் வைத்தேன். சித்தப்பாவோடு குடியிருந்தவன், சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய் வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடந்தவன். சித்தப்பா இறந்ததும் வீட்டுக்காரன் வழக்குப் போட்டான். அப்பல்லேட் டிவிஷன், அதிலும் நம் குயின்ஸுக்கு மேலே இருக்கிற பிரிவு, சொன்னது: தற்காலிகமாக இல்லாமல் இருப்பது வேறு, விட்டுப் போவது வேறு; திரும்பி வருகிற எண்ணம் இருந்து, அதற்கு அடையாளமும் இருந்தால் குடியிருப்பு அறுபடாது. எந்தக் கோர்ட்? ஏணியில் பாட்டுக்காரிக்கு மேலே. எப்போது? பாட்டுக்காரிக்குப் பிறகு. உயிரோடு இருக்கிறதா? நேற்றுவரை. அதைக் கண்டுபிடித்த அன்று நான் சப்வேயில் உட்காரவே இல்லை, இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். இப்போது சக்கரம் நின்றுவிட்டது. ஒரே ஒரு வரி. புதுத் தீர்ப்பு, நேற்றுத்தான் வெளியாகியிருக்கிறது, அதே அப்பல்லேட் டிவிஷன். ஐயோ. அதே கோர்ட். கீழ்க்கோர்ட் முனகியிருந்தால் தள்ளிவிடலாம், வேறு பிரிவு முனகியிருந்தாலும் சமாளிக்கலாம், பெற்ற தாயே பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டாளா? படிக்க வேண்டும். கண் போகமாட்டேன் என்கிறது. என் கட்சிக்காரி முப்பிடாதி முகம் வருகிறது. அவளுக்காகத்தான் போனேன் அந்த ஏழு மாதமும். தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குகிற கொட்டகைக்குப் போகிற பாதையை எவனோ வேலி போட்டு அடைத்துவிட்டான், அவள் கேஸ் மேல்முறையீட்டில் கிடந்தது, நான் அமெரிக்கா வரும்போது, விசாரணைக்கு வந்தால் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வந்தது. பதினைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று போனேன். குமாஸ்தா குருசாமி கோர்ட் வாசலிலேயே நிற்பார். "யம்மா, வாய்தா." ஏன்? "ஜட்ஜ் ஐயா லீவு." அடுத்த தடவை, "யம்மா, வாய்தா. எதிர்க்கட்சி வக்கீலுக்கு வயித்துவலி." அடுத்து, கேஸ் கட்டைக் காணோம். அடுத்து, ஐயா மாறுதலாகிப் போய்விட்டார், புது ஐயா இன்னும் வரவில்லை. வாய்தா, வாய்தா, வாய்தா. நான் டிக்கெட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். அக்காவிடம் போனில் அழாத குறை. "ஏக்கா, நான் வந்துருதேன், வேற வக்கீல் பாத்துக்கிடட்டும்." "சோலிய முடிச்சிட்டு வா. அந்தப் பிள்ளைய நடுவழியில விட்டுட்டு வந்தேன்னா வீட்டுக்குள்ள ஏத்தமாட்டேன் பாத்துக்க." முடித்துவிட்டுத்தான் வந்தேன். வேலியைப் பிடுங்கச் சொல்லித் தீர்ப்பு. அக்கா கதவைத் திறந்து, "ஜெயிச்சியா?" என்றுதான் கேட்டாள், சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஏழு மாதத்தைத்தான் கார்மோடி விட்டுப் போனாள் என்கிறான். படி வேலுத்தாயி. ஜெயிச்சியா என்று கேட்டவளுக்காகவாவது படி.

படிக்கிறேன். பல் டாக்டர் ஒருவர். தாயார் வீட்டில் இருந்தவர், ஃப்ளோரிடாவுக்குப் போனார். போகும்போது கட்டில் பீரோ எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். தபாலுக்கு அங்கே விலாசம் கொடுத்தார், ஓட்டு அங்கே மாற்றினார், அங்கே வீடு வாங்கினார். தாயார் இறந்ததும் வந்து நானும் கப்பல்காரன்தான் என்கிறார். நீதிபதிகள் இல்லை என்கிறார்கள். அட, இல்லை என்றுதானே சொல்வார்கள். எங்கே அந்த இடம், கப்பல்காரனைப் பற்றிச் சொன்ன இடம், தலைப்புக் குறிப்பில் தேடாதே, கீழே போ, கீழே, இதோ. கப்பல்காரன் தீர்ப்பு இன்றும் சட்டமாக நிற்கிறது. நிற்கிறது என்று எழுதியிருக்கிறது. ஆனால் இந்த மனிதரின் சங்கதி வேறு, இவர் திரும்பி வருகிற அடையாளம் எதையும் விட்டுச் செல்லவில்லை. உடைமைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுக் குறிப்பிட்ட ஒரு வேலைக்காகப் போய், அது முடிந்ததும் திரும்பியவர்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. இன்னொரு தடவை படிக்கிறேன். குறிப்பிட்ட ஒரு வேலைக்காகப் போய், அது முடிந்ததும் திரும்பியவர். அது நான். என்னைப் பார்க்காமலே என்னை எழுதிவைத்திருக்கிறார்கள். மஞ்சள் கொடி என் தீர்ப்பைக் குத்தவில்லை, பல் டாக்டரைத்தான் குத்தியது! மெஷினுக்கு என்ன தெரியும், யாரோ வேறு மாதிரி என்று சொன்னால் கொடியை ஏற்றிவிடும். நேற்றுவரை என்னிடம் ஒரு தீர்ப்பு இருந்தது, இன்றைக்கு இரண்டு. இரண்டாவது மை காயாதது. கார்மோடி இதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. என் கோட்டு, குளிர்காலக் கோட்டு, போகும்போது கொக்கியிலேயே தொங்கவிட்டுப் போனது. என் தேங்காய் துருவி, என் படுக்கை, சாவிகூட கோவில்பட்டியில் இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன். போக வரச் சேர்த்து எடுத்த டிக்கெட். எல்லாம் என் பதில் மனுவில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன், கார்மோடி அதில் ஒன்றைக்கூட மறுக்கவில்லை. எழுந்து வீராசாமியிடம் போய் இரண்டு பிரதி கேட்கிறேன். அவள் அச்சிட்டு எடுக்கும்போது ஒரு வரியைப் பார்த்துவிடுகிறாள். ஆலோசனை சொல்லக்கூடாதே பாவம், கண்ணை மட்டும் பெரிதாக விரிக்கிறாள். "அதிகமாக அழுத்திப் பேசாதீர்கள்" என்கிறாள், "இது ஆலோசனை இல்லை." நான் அவள் கையைப் பிடித்து, நல்லா இரு தாயே என்று தமிழில் சொல்கிறேன். புரிந்த மாதிரித்தான் தலையாட்டுகிறாள்.

தெருவில் காற்று முகத்தில் அறைகிறது, நான் கோட்டுப் பித்தானைக்கூடப் போடவில்லை. வீட்டு வழக்குக் கோர்ட்டின் நடையில் கூட்டம், குழந்தை அழுகை, ஈரச் சப்பாத்து வாசனை, இது மட்டும் அப்படியே கோவில்பட்டி. கார்மோடி மஃப்ளரும் கையுமாக வருகிறான், நல்ல உயரம், நல்ல சிரிப்பு. "மிஸ் வேலு, சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆறு மாதம் தருகிறோம், கையெழுத்துப் போட்டுவிடுங்கள்." இந்தப் பேச்சுக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் சாமி. "எந்த சுப்ரீம் கோர்ட், மிஸ்டர் கார்மோடி? ஏணியில் கீழேயிருந்து முதலாவதா?" அவன் சிரிப்பு அப்படியே நிற்கிறது, எடுக்கவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. பிரதியை நீட்டுகிறேன். தேதியைப் பார்க்கிறான். இன்னொரு முறை பார்க்கிறான். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், வெலூ, வெலூதா என்று என் பெயரை உடைக்கிறார்கள், உடைக்கட்டும், எழுந்து நிற்கிறேன். நீதிபதி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இரண்டு தீர்ப்பையும் படிக்கிறார். காகிதம் திருப்புகிற சத்தம். அப்போது கார்மோடி எழுந்து சொன்னான் பாருங்கள், புதுத் தீர்ப்பு, இப்போதுதான் கையில் கிடைத்தது, பதில் தயாரிக்க வேண்டும், வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும் என்று. வாய்தா! என் வாழ்க்கையில் ஏழு மாதத்தைத் தின்ற சொல், கடல் கடந்து, மஃப்ளர் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நிற்கிறது. நீதிபதி என்னைப் பார்க்கிறார். "உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" கோவில்பட்டியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, குருசாமி வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார். உண்டு, என்கிறேன். உண்டு, கனம் நீதிபதி அவர்களே, முழுமையாக உண்டு. "ஒரு மேல்முறையீட்டுக்கு ஏன் ஏழு மாதம் ஆயிற்று?" என்று கேட்கிறார். ஒத்திவைத்தார்கள், என்கிறேன். "ஏழு மாதமுமா?" ஒவ்வொரு தடவையும், என்கிறேன். அவர் தன் மேஜையில் கழுத்து உயரத்துக்கு இருக்கிற கட்டுகளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், உதடு கோணுகிறது, பின் வரிசையில் யாரோ சிரித்தேவிடுகிறார்கள். பிறகு கார்மோடி பக்கம் திரும்புகிறார். "நடந்ததில் தகராறு இல்லை, விசாரணையே வேண்டாம் என்று உங்கள் மனுவில் நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? அப்படியானால் நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்?" கார்மோடி உட்கார்ந்துவிடுகிறான். என் காதில் ரத்தம் இரைகிறது, அதற்கு நடுவே துண்டு துண்டாக விழுகிறது: குளிர்காலக் கோட்டு வீட்டிலேயே இருந்தது, சாவியை வைத்திருந்தார், வேலை முடிந்ததும் திரும்பினார், தற்காலிகமே. வீட்டுக்காரரின் வழக்குத் தள்ளுபடி. குடியிருப்பவர் தொடரலாம். குடியிருப்பவர், அது நான். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் இன்னும் அங்கேயே நிற்கிறேன், காவலர் தோளைத் தொட்டு வழி காட்டுகிறார்.

ஜெயித்துவிட்டேன். படியில் இறங்குகிறேன், ஜெயித்துவிட்டேன், கோழி வாசனை, செல்போன் கவர்க்காரன், எல்லாரையும் பிடித்து நிறுத்திச் சொல்லலாம் போல இருக்கிறது. அந்த வெள்ளைத் தூண் கட்டிடத்துக்கு எதிரே நின்று நெற்றி எழுத்தை ஒரு தடவை நன்றாகப் பார்க்கிறேன். ஏ உச்ச நீதிமன்றமே, அடிமட்டத்துப் பெரியவரே, உம் மாடியில் உட்கார்ந்துதானய்யா உம்மை ஜெயித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிறது, காற்றுத்தான், காற்று மட்டும் இல்லை. யாரிடம் சொல்ல? கை பைக்குள் போய்ப் போனைத் தேடவில்லை, சாவியைத்தான் தேடுகிறது, மேல்பூட்டுச் சாவி, இரண்டு தடவை திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் திறக்காது, அக்கா சொல்லிக்கொடுத்தது. சாயங்காலம் குழாய் தட்டும், சூடு வரும், கதவுக்குப் பின்னால் கம்பளிச் சட்டை அங்கேயே தொங்கும், அதை யாரும் பெட்டியில் மடித்து வைக்க வேண்டாம். ஜெயிச்சியா என்று கேட்பாளே, கதவைத் திறந்ததும் அதைத்தானே கேட்பாள். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, தெரு நடுவில், வாய்விட்டே சொல்கிறேன்: "ஏக்கா, வாய்தா கெடையாதுன்னுட்டாங்க. வீட்டுக்கு வாரேன்."